துணைக்கு வந்தவளுக்கும் ஒரு நம்பர்

மடியில் கைப்பைகள். கறுப்பு ஒன்று, சந்தன நிறம் ஒன்று, வாய் கிழிந்த துணிப்பை ஒன்று, இன்னும் முகம் மட்டும் தெரிந்த பெண்களின் பைகள். வலது உள்ளங்கையில் யாருடையதோ சங்கிலியைச் சுற்றி வைத்த லேஞ்சித் துணி. தோளில் ஒரு கைக்குழந்தை, வாயைத் திறந்தபடி நித்திரை. காலடியில் குடைகள்.

இந்தக் கோலத்தில், எங்கள் பகுதிச் சுகாதார அலுவலகமான எம்.ஓ.எச். கந்தோர் முற்றத்து வேப்ப மரத்தின் கீழ் போட்டிருந்த வாங்கில் நான் இருந்தேன். பார்த்தவர்கள், ரெஜினா அக்கா வழக்கம்போல யாருக்கோ துணைக்கு வந்திருக்கிறா என்று நினைத்திருப்பார்கள்.

உண்மையில் நான் காட்ட வந்தவள். என் இடது மார்பில், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கட்டி இருந்தது. அது புற்றுநோயா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு வர எனக்கு முகம் இல்லை. அதனால் என் தங்கச்சி ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு, இவளுக்குத்தான் கிளினிக், நான் சும்மா கூட வந்தவள் என்ற பாவனையில் வந்திருந்தேன்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் உயிரோடு இருந்துதான் இதை எழுதுகிறேன், யாரும் பதற வேண்டாம். போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய எங்கள் கந்தோர் மின்விசிறிக் கதைக்கு வயிறு நோகச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் அப்படிச் சிரிக்க முடியாது. இடையில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

துணைக்குப் போகிற உத்தியோகம்

எங்கள் பக்கத்தில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதில்லை. போகத் தெரியாமல் இல்லை. காத்தான்குடிக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கிச் சாறி எடுத்து வருவார்கள். கொழும்புக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்து வருவார்கள். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் கூட ஒருத்தி வேண்டும். தனியே வரிசையில் நின்றால், "என்னகா, உனக்கு ஆக்கள் இல்லையா?" என்று பக்கத்தில் நிற்பவள் கேட்டுவிடுவாள். அந்தக் கேள்வி, காட்ட வந்த நோய் வருத்தத்தைவிட அதிகமாக நோகும்.

நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கையில் அந்தக் ‘கூட ஒருத்தி’ நான்தான். கலியாணம் கட்டாதவள். பிள்ளைகளுக்குச் சோறு கட்ட வேண்டியதில்லை. புளியந்தீவில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், உத்தியோகம். லீவு எடுக்கலாம். டாக்டர் சிங்களத்தில் சொன்னால் பாதியாவது விளங்கும், மீதியைத் துணிந்து கேட்டுவிடுவேன். வேறு என்ன தகுதி வேண்டும்?

பிள்ளைப்பேற்றுக்குப் போயிருக்கிறேன். கண் ஒப்பரேசனுக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை ஒருத்தியின் மாமியாருக்குப் பல் பிடுங்கப் போய், அந்த மனுசி என் கையைக் கடித்த கதையும் உண்டு. அதை இன்னொரு வாரம் பார்ப்போம்.

துணைக்குப் போகிறவளுக்கு எழுதாத சட்டங்கள் இருக்கின்றன. தண்ணீர்ப் போத்தலும் கடிக்க ஒரு பணிசும் கொண்டு போக வேண்டும். காட்ட வந்தவளின் பையைப் பிடிக்க வேண்டும், அவளுடைய சங்கிலியை வாங்கி வைக்க வேண்டும். அவள் உள்ளே போனதும் பக்கத்தில் இருக்கிற மற்றவளும் தன் பையை நீட்டுவாள், அதையும் வாங்க வேண்டும். பசிக்கிறது, கால் நோகிறது என்று வாயே திறக்கக்கூடாது. முக்கியமாக, தன் வருத்தத்தைப் பற்றிக் கதைக்கவே கூடாது. பிரேத வீட்டில் போய்ப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வது எப்படியோ அப்படி.

இந்தச் சட்டங்களை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே போட்டு, நானே அதற்குள் மாட்டிக்கொண்டேன்.

என் படலையைத் தாண்டிப் போகும் ஸ்கூட்டி

எங்கள் பகுதி மிட்வைஃப் பெயர் சுகந்தி. முன்பு சைக்கிள், இப்போது ஸ்கூட்டி. சத்தம் குறைந்த பெண், ஆனால் சொன்ன நேரத்துக்கு வருவாள். எந்த வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று எல்லாம் அவளுக்கு அத்துபடி. ஒவ்வொரு வாசல் படலையிலும் நின்று ஹோர்ன் அடிப்பாள். என் படலையைத் தாண்டும்போது மட்டும் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள். அவள் பிழை இல்லை. கலியாணமும் பிள்ளையும் உள்ள வீடுகளைச் சுற்றித்தான் அவளுடைய வேலை.

சுகவனிதையர் கிளினிக் என்று ஒன்று நடக்கிறது. முப்பத்தைந்து வயதிலும் நாற்பத்தைந்து வயதிலும் பெண்களைக் கூப்பிட்டு, பிரஷர், சீனி பார்த்து, மார்பைத் தொட்டுப் பார்த்து, கர்ப்பப்பைக் கழுத்தில் இருந்து ஒரு மெல்லிய குச்சியால் தொட்டெடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். வருத்தம் வந்தவர்களுக்கு இல்லை, வராதவர்களுக்கு. இதுதான் எங்கள் ஆட்களுக்கு விளங்காத இடம். வருத்தம் இல்லாதவள் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

போனவர்களையும் சும்மா விட மாட்டார்கள். ஜெசிந்தாவின் புருசனுடைய தங்கச்சி ஸ்டெல்லா. எங்கள் இருவருக்கும் மச்சாள் முறை, அடுத்த ஒழுங்கை. புருசன் கட்டாரில், மகள் கலியாணம் கட்டித் திருகோணமலையில், வீட்டில் தனி. அவளுக்கு ஒரு செய்தி போனால் ஊர் அறிவித்தல் தேவையில்லை. ஒரு பெண் அந்தக் கிளினிக்கில் கால் வைத்தாள் என்று கேள்விப்பட்டால், "அவளுக்கு ‘அங்க’ என்னமோவாம்" என்று கண்ணைக் காட்டுவாள். அந்த ‘அங்க’ என்ற சொல்லை அவள் சொல்லும் விதத்துக்குப் பயந்தே பாதிப் பேர் போகவில்லை.

கலியாணம் கட்டினவர்களுக்கே இப்படி. கட்டாதவள் அந்தக் கதிரையில் இருந்தால் என்ன சொல்வாள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். யோசித்தபோதே காது சுட்டது.

மார்பைத் தொட்டுப் பார்ப்பதற்குக் கலியாணச் சேட்டிபிக்கேற் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். படித்தவள் தானே. தெரிந்தும் போகவில்லை.

அம்மாவின் பெயர் இல்லாத வருத்தம்

இங்கே அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆன பிறகு மறுபடி இரத்தம் பட்டது. அவ அதைச் ‘சூடு’ என்றா. கொத்தமல்லி அவித்துக் குடித்தா. துணிகளை விடிவதற்கு முன்னமே தோய்த்து, கிணற்றடிக்குப் பின்னால் தென்னை ஓலைக்குக் கீழே காயப்போட்டா. நானும் ஜெசிந்தாவும் அந்தத் துணிகளைக் கண்டோம். கண்டும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் வீட்டில் இல்லை.

அப்போது நாட்டில் சண்டைக் காலம். பாதை திறந்தால் மூடும், மூடினால் எப்போது திறக்கும் என்று தெரியாது. கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு எதையோ சொன்னார். அப்பா வெளியே வந்து, "வயித்துப் புண்ணாம்" என்றார். அவ்வளவுதான். மழைக்காலம் முடிவதற்குள் அம்மா போய்விட்டா.

என்ன வருத்தம் என்று அப்பா சாகும்வரை சொல்லவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, யாருக்கோ துணைக்குப் போன இடத்தில், சுவரில் ஒட்டியிருந்த கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் படத்தில் அறிகுறிகளை வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அங்கே ஒவ்வொன்றும் அம்மாவுக்கு இருந்தது. யாரோ ஒருத்தியின் பையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்தபடி நின்றேன். அம்மாவில் வந்த கோபம் அப்பாவில் வந்த கோபத்தைவிடக் கூடுதல். எங்களிடமாவது சொல்லியிருக்கலாம் தானே. இன்றைக்கும் அந்தக் கோபம் இருக்கிறது.

அப்படிக் கோபப்பட்டவள், தனக்கு ஒன்று வந்தபோது என்ன செய்தாள்? கட்டியைப் பவுடர் போட்டு மூடிக்கொண்டு கந்தோருக்குப் போனாள்.

கட்டி

கிணற்றடியில் குளிக்கும்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டது. நோகவில்லை. அமத்தினால் கொஞ்சம் நழுவும். முதலில் பூச்சி கடித்தது என்றேன். பிறகு சட்டை இறுக்கம் என்றேன். பெரிய அளவில் சட்டை வாங்கிப் போட்டும் அது அங்கேயே இருந்தது.

கந்தோரில் வேலை ஓடவில்லை. ஒரு காணி விண்ணப்பத்தை இரண்டு தரம் பதிந்து, மேலதிகாரியிடம் பேச்சு வாங்கினேன். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் எல்லோரும் வாவியைப் பார்ப்பார்கள், நான் பையைக் கட்டிக்கொண்டு அக்குளை மறைத்தபடி இருப்பேன். யாருக்குத் தெரியப் போகிறது? இருந்தாலும் மறைப்பேன்.

செத்துப் போய்விடுவேன் என்று பயந்தேன். அதைவிட, செத்த பிறகு ஸ்டெல்லா என்ன சொல்வாள் என்று பயந்தேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நாட்களில் இரண்டாவது பயம்தான் பெரிது.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஜெசிந்தா இரண்டு தரமும் கிளினிக்குக்குக் கூப்பிட்டும் போகாதவள். முதல் தரம் கோயில் திருவிழா என்றாள். இரண்டாம் தரம், சுகந்தியின் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். அவளை இழுத்துக்கொண்டு போனால், அவள் உள்ளே இருக்கும்போது, நான் மெதுவாகச் சுகந்தியிடம், "பிள்ளை, எனக்கும் ஒரு சின்ன விசயம்" என்று காதில் போடலாம். வாங்கில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஊருக்கு நான் துணைக்குப் போனவள்தான்.

நானும் ஜெசிந்தாவும் ஒரே வளவு. அம்மாவின் பழைய வீடு எனக்கு, பக்கத்தில் கட்டிய வீடு அவளுக்கு, நடுவில் கிணறு. மீன் வெட்டிக்கொண்டிருந்தவளிடம் போய், "ஜெசி, வாற கிழமை கிளினிக்காம். நீ போகத்தான் வேணும். நான் துணைக்கு வாறன்" என்றேன். ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்க ஆயத்தமாகத்தான் போனேன்.

அவள் கத்தியைத் துடைத்துவிட்டு, "ஓம், போவம்" என்றாள்.

அவ்வளவு லேசில் அவள் எதற்கும் ஓம் சொன்னதில்லை. நான் என் பாட்டில் சந்தோசப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வாங்கில்

இப்போது மறுபடி அந்த வேப்ப மரத்தடி.

போனவுடன் ஜெசிந்தாவுக்கு நம்பர் கொடுத்து, உள்ளே கதிரைகளில் இருத்தினார்கள். துணைக்கு வந்தவர்களுக்கு முற்றத்து வாங்கு. நான் உட்கார்ந்ததுதான் தாமதம், தெரிந்த முகங்கள் எல்லாம் வந்துவிட்டன. "அக்கா, இதையும் ஒழுப்பம் நேரம் பிடியுங்க." "மிஸ், பிள்ளை நித்திரையாகிட்டான், மறுகா வந்து எடுக்கிறன்." நான் ஒவ்வொன்றுக்கும் கையை நீட்டினேன். நீட்டிப் பழகிய கை.

ஜெசிந்தாவின் முறை வந்தது. அவள் உள்ளே போனாள். இதுதான் நான் எழும்ப வேண்டிய நேரம். எழும்ப முடியவில்லை. பைகளை இறக்கி வைக்க இடமில்லை, குழந்தையை வாங்க ஆள் இல்லை, யாருடையதோ பவுன் கையில். சுகந்தி வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ரெஜினா மிஸ் இருந்தா எங்களுக்கு ஒரு நேர்ஸ் கூட இருக்கிற மாதிரி" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். நானும் பெருமையாகச் சிரித்து வைத்தேன். சிரித்துக்கொண்டே, ரெஜினா, நீ இன்றைக்கும் காட்டாமல்தான் வீட்டுக்குப் போகப்போகிறாய் என்று எனக்குள் சொன்னேன்.

உள்ளே கூட்டம் குறைந்தது. கதிரைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. குழந்தையின் தாய் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். பைக்காரிகள் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் பார்ப்போம், ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நான் எனக்கே நியாயம் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

ஜெசிந்தா வெளியே வந்தாள். முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. என் முன்னால் வந்து நின்று, மடியில் இருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையில் மாட்டினாள். லேஞ்சியையும் வாங்கினாள்.

"எழும்பு. உள்ளுக்குப் போ."

"எனக்கு என்னத்துக்கு? நான் துணைக்குத்தானே வந்த."

"இடப்பக்கம்" என்றாள்.

என் கை தானாக இடது அக்குளுக்குப் போனது.

"கிணத்தடியில எனக்குக் கண் இரிக்கி அக்கா. ஒரு மாசமா நீ இடக் கையைத் தூக்கித் தண்ணி ஊத்துறதே இல்ல. உன்ன வா எண்டா நீ வரமாட்டாய் எண்டு தெரியும். நீயா வந்து கூப்பிட்டதும்தான் நான் ஓமெண்ட. இல்லாட்டி அந்தக் கட்டில்ல ஏறிப் படுக்க எனக்கென்ன விசரா?"

"நீ எனக்காகவா வந்த?"

"பின்ன? சுகந்தி மிஸ்ஸிட்டச் சொல்லிட்டன். கிளினிக் ஆக்கள் போகப் போறாங்க, போ."

நான் எழும்பிப் போனேன். கண் கலங்கித்தான் போனேன், அதை மறைக்கவில்லை. வாசலில் ஜெசிந்தாவின் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதி, எனக்கும் ஒரு நம்பர் துண்டைத் தந்தார்கள். எத்தனையோ தரம் மற்றவர்களுக்காகப் பிடித்து வைத்த அந்தத் துண்டு எனக்கென்று கிடைத்தது அன்றைக்குத்தான்.

சுகந்தியின் கை குளிராக இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு டாக்டரும் பார்த்துவிட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்கள். "எல்லாக் கட்டியும் கூடாத கட்டி இல்ல மிஸ். ஆனா எதுவெண்டு நாங்க கையால சொல்ல ஏலாது. கட்டாயம் போங்க" என்றாள் சுகந்தி. கலியாணத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு செய்தியும் இன்னொரு செய்தியும்

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி குத்திக் கட்டியில் இருந்து கொஞ்சம் எடுத்தார்கள். எறும்பு கடித்த அளவுதான் என்று சொன்னார்கள், எறும்பு கொஞ்சம் பெரிய எறும்பு. பதில் வரும்வரை நானும் ஜெசிந்தாவும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் அவள் தினமும் காலையில் தானே கிணற்றில் தண்ணீர் அள்ளி என் வாளியை நிரப்பி வைத்தாள்.

கொழுப்புக் கட்டி. புற்றுநோய் இல்லை. டாக்டர் சொன்னதும், சரியாகத்தான் கேட்டேனா என்று மறுபடி கேட்டேன். வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். வெளியே வந்து நானும் ஜெசிந்தாவும் ஆளுக்கொரு பலூடா குடித்தோம். இருவருக்கும் சீனி வருத்தம் இருப்பதை அன்றைக்கு மறந்துவிட்டோம்.

அந்தச் சந்தோசம் ஆறுவதற்குள் ஒரு பின்னேரம் சுகந்தியின் ஸ்கூட்டி வந்தது. என் படலையில் நின்றது. "ஜெசிந்தாக்கா இரிக்கிறாவா?" என்று கேட்டாள். குரலிலேயே தெரிந்தது.

ஜெசிந்தாவின் கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனையில், அங்கே புற்றுநோயைக் கொண்டுவரக்கூடிய வைரசு இருப்பதாக வந்திருந்தது. வைரசு என்றால் புற்றுநோய் இல்லை, ஆனால் இன்னும் உள்ளே பார்க்க வேண்டும் என்று சுகந்தி பொறுமையாக விளங்கப்படுத்தினாள். ஜெசிந்தா கேட்டது ஒன்றுதான். "அம்மாட வருத்தமா?" சுகந்திக்கு எங்கள் அம்மாவைத் தெரியாது. நான்தான், "அதுக்கு முந்தியே பிடிக்கத்தான் இதெல்லாம்" என்றேன். சொல்லும்போதே எனக்குப் பயம் பிடித்தது. என் கட்டிக்கு நான் அப்படிப் பயந்ததில்லை.

பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்தார்கள். கர்ப்பப்பைக் கழுத்தில் ஒரு பகுதி மாறத் தொடங்கியிருந்தது. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, விட்டால் ஆகலாம். விறைப்பூசி போட்டு, ஒரு கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்தார்கள். பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். எடுத்ததைச் சோதித்து முடிவு சொல்லும்வரை மறுபடி காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் நான் செபமாலையை எடுத்தேன், அவள் ரீவியில் நாடகம் பார்த்தாள். எங்களில் யார் கெட்டிக்காரி என்று தெரியவில்லை.

ஸ்டெல்லா இரண்டு தரம் வந்து போனாள். "என்ன, அடிக்கடி டவுனுக்குப் போறீங்க போல" என்றாள். "காணி அலுவல்" என்றேன். அவள் நம்பவில்லை. என் முகத்தையும் ஜெசிந்தாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள், பிறகு தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வயிற்றெரிச்சல் என்று நான் நினைத்தேன்.

நடைபாதையில்

முடிவு சொன்ன நாள். டாக்டர் சின்னப் பெண், மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. தமிழைத் தேடித் தேடிப் பேசினா. மாறிய பகுதி முழுவதும் வெளியே வந்துவிட்டது, சுற்றிவரச் சுத்தமாக இருக்கிறது, புற்றுநோய் இல்லை, சொன்ன தவணைக்கு வந்து காட்டினால் போதும் என்றா. "வராமல் இருந்தால்?" என்று நான் கேட்டேன். "வந்துட்டீங்க தானே" என்று சிரித்தா.

வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி நடைபாதை நிறைய ஆட்கள். வாங்குகளில் இடமில்லாமல் நிலத்திலும் இருந்தார்கள். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து நின்று போனை எடுத்தாள். புருசனுக்கு என்று நினைத்தேன். ஸ்டெல்லாவுக்கு எடுத்தாள். ஜெசிந்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் போட்டுக் கதைப்பாள்.

"மச்சாள், நான் ஆஸ்பத்திரியில நிக்கிறன். காணி அலுவல் இல்ல. என்ட கர்ப்பப்பைக் கழுத்தில மாறின இடம் ஒண்டு இருந்து வெட்டி எடுத்த. கேன்சர் ஆக முந்தியே பிடிச்சிட்டாங்க. இப்ப சுகம்."

நடைபாதையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக நான் அவள் கையைப் பிடித்து, மெல்லக் கதை என்று சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சொல்ல வரவில்லை.

ஸ்டெல்லா மெதுவாக, "அப்ப பெரிய மச்சாள்? அவவும் போன எண்டு கேள்விப்பட்டன்" என்றாள்.

பெரிய மச்சாள் நான்தான். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் போனை வாங்கினேன்.

"ஓம் ஸ்டெல்லா. எனக்கு இடது மார்பில கட்டி வந்த. நானும் போய்க் காட்டினன். ஊசி குத்திப் பார்த்தவங்க. கேன்சர் இல்லையாம். நீ ஆருக்கும் சொல்லுறதெண்டாச் சொல்லு."

எனக்கு முன்னால் நிலத்தில் இருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்தது.

ஸ்டெல்லா சிரிப்பாள், அல்லது ‘ஐயோ கடவுளே’ என்று தொடங்குவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"மச்சாள்" என்றாள். அது ஊரெல்லாம் கதை சொல்லித் திரிகிற ஸ்டெல்லாவின் குரல் இல்லை. "எனக்கும் ஒரு கட்டி கிடக்கு. போன நத்தார் பண்டிகைக்கு முந்தி இருந்து. ஆரிட்டச் சொல்லுற எண்டு தெரியாம இரிக்கிறன். அண்டைக்கு உங்கட வீட்ட வந்ததும் அதுக்குத்தான்."

ஜெசிந்தா சுவரை விட்டு நிமிர்ந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஸ்டெல்லா வீட்டுக்குப் போக, மற்றக் கையை வாசலில் நின்ற ஓட்டோவுக்குக் காட்டினாள்.

"எந்தப் பக்கம், இடமா வலமா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.